திச்சினோவில் மரோனி பொறுக்கப் போகிறவர்களுக்கு

சுவிஸில் செப்டம்பர் முடியும்போது ரயில் நிலைய வாசல்களில் மரோனி, அதாவது ஆங்கிலத்தில் செஸ்ட்நட் எனும் கஸ்தானிக் கொட்டை, வறுக்கும் சின்னக் கடைகள் வந்துவிடும். காகிதப் பையில் நூறு கிராம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குப் போவது இங்கே ஒரு பழக்கம். ‘இதைப் போய்க் காசு கொடுத்து வாங்குகிறீர்களே, திச்சினோவில் பாதையெல்லாம் கொட்டிக் கிடக்கிறது’ என்று கூட வேலை செய்கிற யாராவது சொல்லியிருப்பார். அது உண்மைதான். ஜெர்மன் பேசுகிறவர்கள் டெஸின் என்று சொல்லும் அந்தத் தெற்கு மாநிலத்தில் அக்டோபர் மாதம் முழுக்க மரோனி விழுந்துகொண்டே இருக்கும்.

ஆனால் பையை எடுத்துக்கொண்டு கிளம்புமுன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அங்குள்ள மரோனி மரங்களில் பெரிய, பழைய மரங்கள் பெரும்பாலும் மனிதர் நட்டு ஒட்டுக்கட்டி வளர்த்தவை. ரோமர் காலத்தில் இந்த மரம் அந்தப் பள்ளத்தாக்குகளுக்கு வந்தது. உருளைக்கிழங்கும் சோளமும் பரவும்வரை மலையூர்ச் சனங்கள் குளிர்காலம் முழுவதும் இதைத் தின்றே உயிர் வாழ்ந்தார்கள். ரொட்டி மரம் என்றே அதற்கு ஒரு பெயர் இருந்தது. ஆகவே நீங்கள் நடக்கப்போவது காடு போலத் தெரியும் ஒரு பழைய தோப்பு. எங்கே பொறுக்கலாம், எவ்வளவு எடுக்கலாம், மரத்தை எப்படித் தொடலாம் என்பதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

எப்போது, எங்கே

செப்டம்பர் கடைசியில் தொடங்கி நவம்பர் முதல் கிழமைவரை காய் விழும். அக்டோபர் நடுப்பகுதிதான் உச்சம். இரவில் காற்றோ மழையோ இருந்து, விடிந்ததும் வெளித்தால் அந்தக் காலையில் போங்கள். பகல் ஏறுமுன் போவது நல்லது. காட்டுப்பன்றியும் மானும் உங்களுக்கு முன்பே எழுந்திருக்கும்.

முதல் முறை போகிறவர்களுக்கு லுகானோவுக்கு மேற்கே உள்ள மால்கந்தோனே பகுதியைத்தான் நான் சொல்வேன். அங்கே மரோனிக்கென்றே ஒரு நடைபாதை இருக்கிறது. அரோசியோ ஊரில் தொடங்கி முஜேனா, வெட்ஸியோ, பெஸ்கோஜ்ஜா, பிரேனோ வழியாகச் சுற்றி மறுபடி அரோசியோவுக்கே வரும். சுமார் 15 கிலோமீட்டர், ஐந்து மணி நேர நடை. சின்னப் பிள்ளைகளோடு முழுவதையும் நடக்க வேண்டியதில்லை. வழியில் உள்ள ஊர்களுக்கெல்லாம் பஸ் இருப்பதால் பாதியில் ஏறிவிடலாம். நடுவில் தகவல் பலகைகள் வைத்திருக்கிறார்கள்.

சூரிச்சிலிருந்து லுகானோவுக்கு இப்போது ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். 2016இல் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்டு அடிவாரச் சுரங்கமும், 2020இல் செனேரி சுரங்கமும் திறந்த பிறகு ஒரே நாளில் போய்வருவது சிரமமில்லாத காரியம் ஆகிவிட்டது. அங்கிருந்து பஸ். ரயில் ஆப்பில் தேடும்போது கவனம்: இத்தாலியில் இன்னொரு அரோசியோ இருக்கிறது, கிராவ்புண்டனில் அரோசா என்று பனிச்சறுக்கு ஊர் ஒன்று இருக்கிறது. திச்சினோ என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பார்பில்லெட் எனும் மலிவு டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் செலவு நன்றாகக் குறையும். 6 முதல் 16 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 30 பிராங்கில் யூனியோர் அட்டை எடுத்துவிட்டால், பெற்றோரோடு வரும்போது அவர்களுக்குத் தனி டிக்கெட் வேண்டாம். புதிதாக வந்த குடும்பங்கள் பல இது தெரியாமல் பிள்ளைகளுக்கு அரை டிக்கெட் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

அவ்வளவு தூரம் முடியாது என்பவர்களுக்கு வாலென்சே ஏரிக்கரையில் முர்க் என்ற ஊர் இருக்கிறது. ஆல்ப்ஸுக்கு வடக்கே மரோனித் தோப்பு உள்ள இடங்களில் அது முக்கியமானது, ஊரிலேயே ரயில் நிற்கும். நேரம் தாராளமாக உள்ளவர்கள் இத்தாலிய எல்லையில் இருக்கும் காஸ்தஸேஞ்ஞாவுக்குப் போகலாம். பிரெகாலியா பள்ளத்தாக்கில் உள்ள அந்த ஊரின் பிரென்தான் தோப்பு மிகப் பெரியது, அழகாகப் பராமரிக்கப்படுவது. ஆனால் சான் மொரிட்ஸ் போய் அங்கிருந்து மலோயா கணவாய் வழியே பஸ்ஸில் இறங்க வேண்டும். ஒருநாள் பயணத்துக்கு அது சரிவராது.

எதைத் தொடக்கூடாது

இந்தப் பகுதியை வாசிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். ஐரோப்பிய நகரங்களின் பூங்காக்களிலும் பள்ளி வளவுகளிலும் தெருவோரங்களிலும் நிற்பது பெரும்பாலும் குதிரைக் கஸ்தானி. பார்க்க மரோனி போலவே பழுப்பாகப் பளபளக்கும், ஆனால் தின்ன முடியாது. சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிட மோசமாகலாம். இலையுதிர் காலத்தில் பாலர் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பொறுக்கி வந்து தீக்குச்சி செருகிப் பொம்மை செய்வார்கள். வீட்டுக்கு வரும் அந்தக் காய்களை மரோனிக் கூடையோடு கலக்க விடாதீர்கள்.

வித்தியாசம் கண்டுபிடிக்க முதலில் மேலே பாருங்கள், இலையை. மரோனி இலை தனி இலை. ஒரு சாண் நீளம், ஓரம் முழுக்க ரம்பப் பல். குதிரைக் கஸ்தானியில் ஒரே காம்பில் ஐந்து அல்லது ஏழு இலைகள் கைவிரல் போல விரிந்திருக்கும். பிறகு கீழே பாருங்கள், கூட்டை. மரோனியின் கூட்டில் மெல்லிய முட்கள் இடைவெளியே இல்லாமல் அடர்ந்திருக்கும், வெறுங்கையால் பிடிக்கவே முடியாது. மற்றதன் கூடு பச்சையாக, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தடித்த குட்டை முட்களோடு இருக்கும். கடைசியாகக் காய். மரோனிக் கூட்டுக்குள் வழக்கமாக இரண்டு மூன்று காய்கள் நெருக்கிப் படுத்திருப்பதால் ஒரு பக்கமாவது தட்டையாக இருக்கும், நுனியில் காய்ந்த நார்க் குஞ்சம் ஒன்று நிற்கும். குதிரைக் கஸ்தானி உருண்டை, நுனி மழமழவென்று இருக்கும். குஞ்சம் இல்லாததைப் பையில் போடாதீர்கள்.

யாருடைய மரம்

சுவிஸ் குடியியல் சட்டத்தின் 699ஆம் பிரிவு, காட்டுக்குள் எல்லாரும் போகலாம், காட்டுப் பழங்கள், காளான் முதலானவற்றை அந்தந்த ஊர் வழக்கத்துக்கு உட்பட்ட அளவில் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. 1912இலிருந்து நடைமுறையில் உள்ள சட்டம். நல்ல சட்டம்தான், ஆனால் ‘ஊர் வழக்கத்துக்கு உட்பட்ட’ என்ற சொல்லைக் கவனியுங்கள். திச்சினோவில் பல தோப்புகள் தனியாருடையவை, இன்னும் பல பத்ரித்ஸியாத்தோ எனப்படும் பழைய ஊர்க்குடிச் சங்கங்களுடையவை. 1990களிலிருந்து அரசு உதவியோடு பாழடைந்த தோப்புகளைத் துப்புரவாக்கி மீட்டு வருகிறார்கள். அந்த உழைப்புக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்.

மரத்தடியில் புல் வெட்டியிருந்தால், வலை விரித்திருந்தால், வேலி இருந்தால், ஆடு மேய்ந்துகொண்டிருந்தால் அங்கே யாரோ பராமரிக்கிறார்கள் என்று அர்த்தம். உள்ளே போகாதீர்கள். பலகையில் ‘தீவியெத்தோ’ என்ற சொல் இருந்தால் தடை. பாதையில் விழுந்து கிடப்பதையும், புதர் மண்டிய காட்டோரத்தில் கிடப்பதையும் பொறுக்குவதை யாரும் குறை சொல்லப்போவதில்லை. சந்தேகம் வந்தால் எதிரில் வருகிற ஊர்க்காரரிடம் ‘ஸி பொஸ்ஸொனோ ரக்கோல்யெரே லெ காஸ்தாஞ்ஞே?’ என்று கேளுங்கள். காய் பொறுக்கலாமா என்று பொருள். உச்சரிப்பு எப்படி இருந்தாலும் பரவாயில்லை. கேட்ட முகத்துக்கே பெரும்பாலும் நல்ல இடமாகப் பார்த்துக் காட்டிவிடுவார்கள், முக்கியமாக வயதானவர்கள்.

பழைய நாளில் இதற்கு ஊர்க் கட்டுப்பாடுகள் இருந்தன. நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள்வரை தோப்புக்காரர் பொறுக்குவார். அதற்குப் பிறகு மிச்சம் கிடப்பதை நிலமில்லாதவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஆல்ப்ஸின் தெற்குப் பக்க ஊர்கள் பலவற்றில் வழக்கம்.

அளவு பற்றி என் கருத்து: ஆளுக்கு ஒரு கிலோ போதும். காட்டில் நிற்கும்போது ஐந்து கிலோகூடச் சின்ன விஷயமாகத் தெரியும். உரிக்க உட்காரும்போதுதான் தெரியும், ஒரு கிலோ என்றால் என்னவென்று.

பொறுக்குவது

கணுக்காலை மூடும் சப்பாத்து போடுங்கள். மரோனி இலைக் குவியல் ஈரத்தில் வழுக்கும், அடியில் கல் இருக்கிறதா பள்ளம் இருக்கிறதா என்று தெரியாது. நீளக் காற்சட்டையை மேசுக்குள் செருகிக்கொள்ளுங்கள், உண்ணி இன்னும் போயிருக்காது. வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பார்க்க மறக்காதீர்கள். வேட்டைக்காரர் திரியும் பருவம் என்பதால் நல்ல நிறமான மேலாடை பாதுகாப்பு. கையுறை தோல் உறையாக இருக்கட்டும். கம்பளி உறைக்குள் முள் நேராக இறங்கிவிடும். துணிப்பை கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பைக்குள் காய் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

பாதியாவது வெடித்த கூட்டைப் பாருங்கள். இரண்டு சப்பாத்தின் உள்விளிம்பையும் கூட்டின் மேல் வைத்து, வெளிப்பக்கமாகத் தள்ளி உருட்டினால் வாய் திறக்கும். காயைக் கையுறையோடு எடுத்து, பெருவிரலால் அமுக்குங்கள். கல் மாதிரி இருந்தால் பைக்குள். அமுங்கினால், நிறம் மங்கியிருந்தால், குண்டூசித் துளை இருந்தால் விட்டுவிடுங்கள். துளை என்றால் புழு தின்று வெளியேறிவிட்டது என்று பொருள். ஒரே கூட்டில் இரண்டு கொழுத்த காயும் நடுவில் அப்பளம் போலச் சப்பையான ஒன்றும் இருந்தால், சப்பைக்குள் ஒன்றும் இருக்காது.

மரத்தை உலுக்குவது, தடியெறிவது, பட்டையில் பெயர் கீறுவது எதுவும் வேண்டாம். இது வெறும் மரியாதைப் பேச்சில்லை. 1948இல் திச்சினோவில் மரோனிப் பட்டைக் கருகல் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பூஞ்சணம் மரத்தின் காயங்கள் வழியாகத்தான் உள்ளே போகிறது. 2009இல் கிழக்காசியாவிலிருந்து பரவிய ஒரு சிறு குளவி வந்து மொட்டுகளில் முட்டையிட்டு, இலைகளில் கொப்புளம் கிளப்பி விளைச்சலைக் கெடுத்தது. அதைத் தின்னும் இன்னொரு குட்டிக் குளவி பின்னாலேயே இத்தாலியிலிருந்து பரவி வந்ததால்தான் மரங்கள் மூச்சுவிட்டன. இலையில் பழைய கொப்புளங்களை இப்போதும் பார்க்கலாம். நுனி காய்ந்த கிழட்டு மரங்களுக்கு அடியில், காற்று வீசும் நாளில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.

வழியில் வெட்ஸியோவை அடையும்போது ‘க்ரா’ எங்கே என்று கேட்டுப் போய்ப் பாருங்கள். கல்லால் கட்டிய சின்னக் குடில், காய் உலர்த்தும் வீடு. கீழே தரையில் தணல், மேலே இடைவெளி விட்ட மரச்சட்டங்களின் மேல் மரோனிக் குவியல். கீழே தீ கொழுந்துவிடாமல் புகைந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்காக வெறும் கூடுகளையும் பழைய ஓடுகளையும் போட்டு அமுக்குவார்கள். ஏறத்தாழ மூன்று கிழமை, இரவும் பகலும் யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஊர்க்காரர் முறைவைத்துச் செய்தார்கள். இடையில் குவியலைப் புரட்டிப்போட வேண்டும். உலர்ந்த பிறகு சாக்கில் கட்டி மரக்கட்டையில் அடித்தால் ஓடும் தோலும் உதிரும். பச்சையில் மூன்று கிலோ போட்டால் உலர்ந்தது ஒரு கிலோதான் மிஞ்சும், ஆனால் அது அடுத்த கோடைவரை கெடாது, மாவாகவும் அரைக்கலாம். உள்ளே வேலை நடக்கும் நாளில் போனால் உடுப்பில் ஏறிய புகை மணம் வீடுவரை வரும்.

வீட்டுக்கு வந்ததும்

மரோனியில் பாதி தண்ணீர். பாதாம், முந்திரி போல டப்பாவில் போட்டு மூடி வைக்கிற சாமான் இல்லை. அன்று இரவே ஒரு பெரிய ஏனத்தில் தண்ணீர் நிரப்பிக் கொட்டுங்கள். மிதப்பவை பெரும்பாலும் புழு தின்றவை அல்லது வற்றியவை. அவற்றை எறியுங்கள். மூழ்கியவற்றை இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் துடைத்து, பழைய துவாயில் பரப்பி நன்றாக உலர்த்துங்கள். பழைய காலத்தவர்கள் தினமும் தண்ணீர் மாற்றி ஒன்பது நாள்வரை ஊறவைப்பார்கள். அப்படிச் செய்தால் புழுவும் பூஞ்சணமும் அண்டாமல் நாள்பட நிற்கும். இரண்டு கிலோவுக்கு அந்தப் பாடு தேவையில்லை. காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், இரண்டு மூன்று கிழமை தாங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் அவித்து உரித்து ஃபிரீசரில் போடுவதுதான் வழி.

சமைக்குமுன் ஓட்டைக் கீற வேண்டும், இதில் விலக்கே கிடையாது. கீறாமல் சூடேற்றினால் உள்ளே ஆவி அடைத்து வெடிக்கும், ஓவனுக்குள் வெடித்தால் ஒரு மணி நேரத் துப்புரவு வேலை. தட்டைப் பக்கத்தைப் பலகையில் வைத்து, உருண்ட பக்கத்தில் குறுக்காகக் கீறுங்கள். ஓடும் அதற்கடியில் உள்ள மெல்லிய தோலும் சேர்ந்து அறுபட வேண்டும், சதை ஆழமாக வெட்டுப்படக் கூடாது. ரம்பப் பல் உள்ள சின்னத் தக்காளிக் கத்தி இதற்கு அருமை.

வறுப்பதற்கு, ஓவனை 220 பாகையில் சூடாக்கி, கீறிய காய்களை ஒரே அடுக்காகப் பரப்பி, அருகில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். காயின் பருமனைப் பொறுத்து 20 முதல் 30 நிமிடம். கீறல் விரிந்து ஓரம் சுருண்டு மஞ்சள் சதை தெரியும்போது எடுக்கலாம். எடுத்ததும் ஈரத்துணியில் இறுகச் சுற்றி ஐந்து பத்து நிமிடம் மூடி வையுங்கள். அந்த ஆவியில்தான் தோல் கழலும். சூடாக இருக்கும்போதே உரிக்க வேண்டும். ஆறிவிட்டால் உள்தோல் சதையின் மடிப்புகளுக்குள் ஒட்டிக்கொண்டு நகத்துக்கு வராது. ஒன்றொன்றாகத் துணிக்குள்ளிருந்து எடுத்து உரியுங்கள். அடியில் துளை போட்ட இரும்புத் தாச்சியில் நெருப்பில் வறுப்பதுதான் அங்குள்ளவர்களின் முறை, ஊர் விழாக்களில் பெரிய உருளையில் போட்டுச் சுழற்றுவார்கள். அந்தக் கருகல் மணம் ஓவனில் வராது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். காட்டில் நீங்களாக நெருப்பு மூட்டாதீர்கள். திச்சினோவில் காட்டுத்தீத் தடை அடிக்கடி வரும், இலையுதிர் காலத்திலும் வரும்.

கறி வைக்கப்போகிறீர்கள் என்றால் அவிப்பது நல்லது. கீறிய காய்களைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, கொதி வந்ததிலிருந்து 25 நிமிடம். அடுப்பை அணைத்துவிட்டு, தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உரியுங்கள். உரித்த மரோனியை வாயில் போட்டதும் நம் ஆட்களுக்கு ஞாபகம் வருவது பலாக்கொட்டைதான்: அதே மாப்பதம், அதைவிடக் கொஞ்சம் இனிப்பு. பலாக்கொட்டைக் கறி வைக்கத் தெரிந்தவர்களுக்கு வேறு செய்முறையே தேவையில்லை, இரண்டு திருத்தம் போதும். ஒன்று, இனிப்பை அடக்க உறைப்பும் புளிப்பும் கூடப் போக வேண்டும். மற்றது, இது ஏற்கெனவே வெந்தது. கடைசியில்தான் போட வேண்டும்.

அரைக் கிலோ உரித்த மரோனிக்கு: எண்ணெயில் கடுகு, வெந்தயம், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, ரம்பை, வெங்காயம், இரண்டு பச்சைமிளகாய், நான்கு பல் உள்ளி வதக்குங்கள். யாழ்ப்பாணத்துக் கறித்தூள் குவித்த ஒரு மேசைக்கரண்டி, உப்பு. இரண்டாம் பால் ஒரு கோப்பை ஊற்றிக் கொதித்து எண்ணெய் மிதந்ததும் மரோனியைப் போட்டு, கலக்காமல் சட்டியைச் சுற்றி அசைத்து ஐந்து நிமிடம். முதற்பால் அரைக் கோப்பை ஊற்றி ஒரு கொதியோடு இறக்கி, தேசிக்காய் பிழியுங்கள். கரண்டியால் கிண்டினால் உடைந்து குழம்பு மாவாகிவிடும். சோற்றைவிடப் பாணுக்கும் இடியப்பத்துக்கும் சேரும்.

இனிப்புக்கு இங்கே பிரபலமானது வெர்மிசெல். மரோனி மசியலை நூடுல்ஸ் போலப் பிழிந்து, மேலே அடித்த கிரீம் வைத்துத் தருவார்கள். அதற்கென்று விற்கும் அச்சு வாங்கத் தேவையில்லை, நம்மிடம் உரல் இருக்கிறது. அரைக் கிலோ உரித்த மரோனியைப் பாலில் குழைய வேகவைத்து, 100 கிராம் சீனியும் கொஞ்சம் வனிலாவும் சேர்த்து வழவழப்பாக அரைத்து ஆறவிடுங்கள். இடியப்பத் தட்டின் துளையில் துணுக்குகள் அடைக்கும். முறுக்கு உரலில் ஓமப்பொடி அச்சைவிடச் சற்றுப் பெரிய துளையுள்ள தட்டைப் போட்டுப் பிழியுங்கள். இங்குள்ளவர்கள் கிர்ஷ் என்ற மதுவையும் கொஞ்சம் ஊற்றுவார்கள். பிள்ளைகளுக்கு வைத்தால் அதை விட்டுவிடலாம், சுவையில் பெரிய குறை வராது. கடையில் வாங்குகிறவர்களும் பொதியைத் திருப்பிப் பார்ப்பது நல்லது, சிலவற்றில் கிர்ஷ் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை பாக்கி. ரப்பர் கையுறை, பலூன் தொட்டால் தடிப்பு வருகிறவர்களுக்கு மரோனியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வாழைப்பழம், அவகாடோ, கிவி சாப்பிட்டால் வாய் அரிக்கிறது என்பவர்களும் இதே கூட்டம். அப்படியானவர்கள் முதலில் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும்.

மரோனி மாவை மால்கந்தோனே, பிரெகாலியா பக்கத்துச் சின்னக் கடைகளில் வாங்கலாம். விலை கோதுமை மாவைப் போலப் பல மடங்கு இருக்கும், க்ராவைப் பார்த்தவர்கள் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பசையம் இல்லாத மாவு, அதனால் தனியாகப் பிசைந்தால் ரொட்டி விரியாது, உடையும். கோதுமை மாவில் கால் பங்கு கலந்து, தேங்காய்ப்பூ போட்டு ரொட்டி சுடலாம். இனிப்பு இருப்பதால் தோசைக்கல்லில் சீக்கிரம் கருகும், தணலைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாவுப் பையைத் திறந்த பிறகு ஃபிரிட்ஜில் வையுங்கள், அலுமாரியில் வைத்தால் வண்டு விழும்.